தாம்பரம் தனி நகரமா, சென்னையின் வால்பகுதியா?

மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குக் கடிதம் போட்டால் முகவரியில் ‘சென்னை - 600 045’ என்றுதான் எழுதவேண்டும். அந்த வீட்டுத் தொலைபேசிக்கும் 044தான். ஆனால் அதே வீட்டின் சொத்து வரி ரசீதில் தாம்பரம் மாநகராட்சி என்று இருக்கும், பட்டாவில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கும், வாசலில் நிற்கிற வண்டியின் நம்பர் டிஎன் 11 என்று தொடங்கும். எந்த ஊர் என்று வீட்டுக்காரரைக் கேட்டால், பதில் கேட்கிற ஆளைப் பொறுத்தது. டெல்லியிலோ மதுரையிலோ கேட்டால் சென்னை. ‘சென்னையில எங்க?’ என்று அடுத்த கேள்வி வந்தால் தாம்பரம். மயிலாப்பூர்க்காரர் கேட்டால் முதல் பதிலே தாம்பரம்தான், அதைக் கேட்டதும் அவர் ‘அவ்வளவு தூரமா’ என்பார்.

ஒரு பெரிய புறநகரைத் தனி நகரம் என்று எப்போது சொல்லலாம் என்ற கேள்வியைத் தாம்பரத்தை வைத்துப் பார்ப்போம் என்றுதான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாம்பரம் நகரம்தான். மாநகராட்சி என்று பலகை மாட்டுவதற்கு வெகு காலம் முன்பே அது நகரமாக நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு நகரத்துக்கு இருக்கவேண்டிய முடிவெடுக்கும் அதிகாரத்தில் பாதிகூட அதன் கையில் இல்லை. நகரமா இல்லையா என்று விவாதம் வரும்போதெல்லாம் மக்கள்தொகையையும் பரப்பளவையும் பேசுகிறோம், இந்த அதிகாரக் கணக்கைப் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, முதலில் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். பத்தையும் ஒன்றாகச் சேர்த்து 70 வார்டு, ஐந்து மண்டலம் என்று பிரித்தார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து மார்ச்சில் மேயர் பொறுப்பேற்றார். அதற்கு முன் 2016 கடைசியிலிருந்து ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது, தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். அதனால் இந்தப் பகுதி மக்களைப் பொறுத்தவரை கவுன்சிலரும் மாநகராட்சியும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான் வந்து சேர்ந்தார்கள்.

மக்கள்தொகை விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தப் பத்து ஊர்களையும் கூட்டினால் 7 லட்சத்தைத் தாண்டும். அதே கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சி 4.7 லட்சம், தஞ்சாவூர் 2.2 லட்சம். தஞ்சாவூர் நகரமா என்று யாராவது கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய ஊர் எதுவும் ஒட்டிக்கொண்டு இல்லை, அவ்வளவுதான் காரணம். ஆக, எண்ணிக்கை இங்கே எதையும் தீர்மானிக்கப் போவதில்லை.

அடுத்து வரும் வாதம், இடைவெளியே இல்லையே என்பது. கிண்டியிலிருந்து ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டில் தெற்கே போனால் மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று கடையும் வீடுமாகத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். எங்கே சென்னை மாநகராட்சி முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதையெல்லாம் சேர்த்து ஒரே நகர்ப்புறத் தொகுதியாகத்தான் எண்ணுகிறது, 2011ல் அது 86 லட்சம். அதில் அன்றைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் 46 லட்சம் பேர்தான். கட்டடம் தொடர்ந்து இருப்பதை மட்டும் வைத்து ஒரே நகரம் என்று சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, ஒரே மாநகராட்சிக்குள்ளும் இருக்கின்றன, ஆனாலும் செகந்திராபாத்காரர் தன் ஊரைப் புறநகர் என்று சொல்லிக்கொள்வதில்லை.

அப்புறம் எதை வைத்துத்தான் முடிவு செய்வது? நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். அந்த ஊரிலிருந்து காலையில் வெளியே போகிறவர்கள் மட்டும்தான் இருக்கிறார்களா, வெளியூரிலிருந்து அந்த ஊருக்கென்றே வருகிறவர்களும் இருக்கிறார்களா? இது முதல் கேள்வி. அந்த ஊரின் தண்ணீர், குப்பை, சாக்கடை, சாலை பற்றிய முடிவை எடுக்கிறவரை அந்த ஊருக்குள்ளேயே போய்ப் பிடிக்க முடியுமா? இது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நூறு வருடம் பின்னால் போகவேண்டும். சென்னைக்கு எதெல்லாம் தன் மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லையோ, அதெல்லாம் இந்தத் தெற்குப் பாதையில் வந்து இறங்கியது. தோல் பதனிடும் வேலையை நகரத்துக்கு நடுவில் செய்ய முடியாது, அதனால் 1912ல் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்துக்குப் பக்கத்தில் வந்தது, அதிலிருந்துதான் குரோம்பேட்டை என்ற ஊரே வந்தது. காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும், ஊருக்கு வெளியே வேண்டும் என்று டாக்டர் சௌரி முத்து 1928ல் தாம்பரம் பக்கம் சானடோரியம் தொடங்கினார். பின்னால் அரசு அதை எடுத்துக்கொண்டது, இன்றைக்கு அது நெஞ்சக நோய் மருத்துவமனை. எச்ஐவி நோயாளிகளைப் பல இடங்களில் உள்ளேயே சேர்க்காத 1990களில் அவர்களைப் படுக்க வைத்து வைத்தியம் பார்த்த இடம் இதுதான், ஆந்திராவிலிருந்தெல்லாம் வந்தார்கள். பிராட்வே பக்கம் நெரிசலில் இருந்த மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரி 1937ல் 365 ஏக்கர் காட்டுக்கு இடம் மாறியது. இரண்டாம் உலகப்போர்ச் சமயத்தில் விமானத்தளம் வந்தது. 1984ல் மெப்ஸ் என்று எல்லோரும் சொல்கிற ஏற்றுமதி வளாகம் வந்தது. சென்ட்ரலுக்குப் பின்னால் இருந்த உயிரியல் பூங்கா 1985ல் வண்டலூரில் திறக்கப்பட்டது. கடைசியாக, கோயம்பேட்டில் இடம் போதாமல் தென்மாவட்ட பஸ் நிலையத்தை 2023 டிசம்பர் 30ல் கிளாம்பாக்கத்தில் திறந்தார்கள். (வண்டலூரும் கிளாம்பாக்கமும் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே.)

இவற்றில் எதையும் தாம்பரத்தை நகரமாக்கவேண்டும் என்று யாரும் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. நகரத்துக்கு இடைஞ்சல், தூரமாக இருக்கட்டும் என்று அனுப்பியவை. ஆனால் ஆஸ்பத்திரி, கல்லூரி, தொழிற்சாலை, பஸ் நிலையம் எல்லாம் வெளியூர் ஆளை இழுக்கிறவை. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்ததும், தூங்குவதற்கு மட்டும் வீடு இருக்கிற புறநகராக இல்லாமல், போய்ச் சேரவேண்டிய இடமாகத் தாம்பரம் மாறிவிட்டது. சென்னையின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியை நாம் சரியாகக் கவனிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே தள்ளப்பட்டவை எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தால் அந்த இடம் மையமாகிவிடும்.

ரயில் இதை இன்னும் வேகப்படுத்தியது. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931ல் ஓடத் தொடங்கியது, அதுவும் மீட்டர் கேஜில். தென்னிந்தியாவில் மின்சாரப் புறநகர் ரயில் வந்தது அப்போதுதான். அன்று தாம்பரம் என்பது பாதை முடிகிற இடம். இன்றைக்கு எழும்பூர், சென்ட்ரலுக்கு அடுத்தபடி அது ஒரு முனையம். செங்கோட்டைக்குத் தாம்பரத்திலிருந்து வண்டி 2023 ஏப்ரலில் வந்தது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6ல் திறந்த அன்று கொடியசைத்து அனுப்பிய ராமேஸ்வரம் வண்டியும் தாம்பரத்துக்குத்தான் வருகிறது. எழும்பூருக்கே போகாத வண்டிகள் இவை. ராமேஸ்வரத்திலிருந்து அந்த வண்டியில் வருகிறவருக்குச் சென்னை என்று இறங்குகிற இடம் தாம்பரம்.

காலை எட்டு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று பார்த்தால், மேலே சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கடற்கரைப் பக்கம் போகிற வண்டிக்கு ஓடுகிறவர்கள் ஒரு கூட்டம், அது எல்லாருக்கும் தெரிந்த காட்சி. அதே நேரத்தில் செங்கல்பட்டு வண்டியிலிருந்து கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள்கோயில் ஆட்கள் இறங்கி எதிர்ப்பக்கம் வருகிறார்கள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்குகிற பிள்ளைகள், மெப்ஸுக்குப் போகிற பெண்கள், ஸ்கேன் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு சானடோரியத்துக்கு எப்படிப் போவது என்று கேட்கிற வயதானவர்கள். கிழக்கே இறங்கினால் கேம்ப் ரோடு, மேடவாக்கம், வேளச்சேரி என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். மேற்கே சண்முகம் சாலையில் காய்கறியும் பூவும் பாத்திரமும் துணியுமாக நடக்க இடமில்லை. படப்பையிலிருந்தும் மணிமங்கலத்திலிருந்தும் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க, நகை வாங்க வருகிறவர்களுக்கு இதுதான் டவுன். அவர்கள் தி.நகரை டவுன் என்று சொல்வதில்லை. ‘டவுனுக்குப் போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு வருவது இங்கேதான்.

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையையும் இதோடு சேர்க்கவேண்டும். மாட்டுச்சந்தையாக இருந்த காலமெல்லாம் போய், இன்றைக்கு அங்கே செடித்தொட்டி, பழைய கட்டில், கழற்றிய கம்ப்யூட்டர் பாகங்கள், புறா, மீன்குஞ்சு, துருப்பிடித்த ஸ்பேனர், கருவாடு என்று கிடைக்காதது குறைவு. வடசென்னையிலிருந்து ஆட்கள் அதற்காக ரயில் பிடித்து வருகிறார்கள். நகரத்து ஆட்கள் பொருள் வாங்கத் தேடி வருகிற ஊரை வெறும் புறநகர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் ஒரு அடையாளம் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. சென்னை எதைத் தாம்பரத்துக்குச் செய்ததோ, அதையே தாம்பரம் தன் பக்கத்து ஊருக்குச் செய்யத் தொடங்கிவிட்டது. தாம்பரம் நகராட்சியின் குப்பை வருடக்கணக்கில் கன்னடபாளையத்தில் மலையாகச் சேர்ந்தது. பல்லாவரம் நகராட்சி தன் குப்பையைப் பெரிய ஏரியிலேயே கொட்டியது, துரைப்பாக்கம் ரேடியல் ரோடு ஏற்கெனவே நடுவில் வெட்டிப் பிளந்த ஏரி அது. இதற்கெல்லாம் தீர்வு என்று இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து கண்டுபிடித்த இடம் வேங்கடமங்கலம், எல்லைக்கு வெளியே இருக்கிற ஒரு ஊராட்சி. அந்த ஊர் மக்கள் எங்கள் ஊரில் ஏன் கொட்டுகிறீர்கள் என்று எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். தாம்பரத்துக்கு என்று தனியாகப் புறநகர்கள் உருவாகிவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல் எல்லாம் அப்படித்தான். முடிச்சூரில் மாடி மாடியாக அபார்ட்மெண்ட் நிற்கிறது, 2021ல் மாநகராட்சி அமைத்தபோது அது ஊராட்சியாகவே விடப்பட்டது. பன்னாட்டு விமான நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கும் திரிசூலமும் அன்று ஊராட்சியாகத்தான் நின்றது.

ஆக முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். 1978ல் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் தெருக்குழாய்கள் சென்னை மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடுகின்றன. ஜிஎஸ்டி ரோட்டில் எல்லைக்குச் சென்னைப் பக்கம் செம்பரம்பாக்கம் தண்ணீரும் கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீரும் வரும், தாம்பரம் பக்கம் பாலாற்றுத் தண்ணீர், போர்வெல், அது போதாத இடத்தில் டேங்கர் லாரி, குடிக்கக் கேன். சென்னைக்கு வேண்டிய தண்ணீர் செம்பரம்பாக்கத்தில் நிரம்ப வேண்டும், நெம்மேலியில் கடலிலிருந்து வரவேண்டும். இரண்டும் சென்னை மாநகராட்சிக்கு வெளியேதான் இருக்கின்றன, ஆனால் தாம்பரத்துக்கு அவற்றில் எவ்வளவு என்று தீர்மானிக்கிற மேசையில் தாம்பரம் மேயருக்கு நாற்காலி இல்லை.

பாதாளச் சாக்கடை பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் சில பகுதிகளுக்கு மட்டும் இருக்கிறது. மற்ற இடங்களில் கழிவுநீர் லாரிதான். நிலப் பயன்பாட்டை எழுதுவது சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில். எந்த ஏரிக்கரையில் எத்தனை மாடி எழும்பலாம் என்ற முழுமைத் திட்டம் அங்கே தயாராகிறது. பஸ் எத்தனை விடுவது என்பது மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் முடிவு. போலீஸுக்கு 2008ல் சென்னைப் புறநகர் ஆணையரகம் என்று ஒன்று வைத்தார்கள், 2011ல் சென்னையோடு சேர்த்தார்கள், 2022 ஜனவரி 1ல் மறுபடி பிரித்துத் தாம்பரம் ஆணையரகம் என்றார்கள். தொடக்கத்தில் அந்தத் தாம்பரம் ஆணையர் அலுவலகம் இயங்கியது சோழிங்கநல்லூரில், அதாவது சென்னை மாநகராட்சிக்குள். ஒரே ஊருக்கு எத்தனை எல்லைக்கோடு என்று பாருங்கள். ஒன்றுகூட இன்னொன்றோடு பொருந்தவில்லை.

இதன் விலை என்ன என்பது 2015 டிசம்பரில் தெரிந்தது. டிசம்பர் 1ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் வழியாகத்தான் திருநீர்மலைக்கும் அனகாபுத்தூருக்கும் வந்து பிறகு சென்னைக்குள் போகிறது. செம்பரம்பாக்கம் திறந்துவிட்டார்களா இல்லையா என்று நாடு முழுக்கப் பேசியது, சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் படத்தில் வந்தன. செம்பரம்பாக்கம் தண்ணீர் ஆற்றில் சேர்வதற்கு மேலேயே இருக்கிற முடிச்சூரில் முதல் மாடி வரை தண்ணீர் நின்றதைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை. அங்கே வெள்ளம் வரக் காரணம் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் போக வழியில்லாமல் மனைப் பிரிவுகள் வந்தது. ஆறு அன்றைக்குப் பொதுப்பணித் துறையிடம், மனை அனுமதி சிஎம்டிஏவிடமும் ஊராட்சியிடமும், தெருவில் வடிகால் அந்தந்த உள்ளாட்சியிடம். மூன்று பேரும் தங்கள் பங்கை மட்டும் பார்த்தார்கள். பிறகு மூடு கால்வாய்கள் கட்டினார்கள், நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் அதையும் முடிவு செய்தது மாநில அரசு. அந்த ஊரின் உள்ளாட்சி இல்லை.

‘உள்ளூர் நிர்வாகத்துக்கு அதெல்லாம் முடியாது, பெரிய அமைப்புதான் செய்யமுடியும்’ என்று பதில் சொல்வார்கள். இதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் பக்கத்திலேயே ஆலந்தூர் இருக்கிறது. 1996ல் ஆலந்தூர் ஒரு சாதாரண நகராட்சி. ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவர். பாதாளச் சாக்கடை வேண்டும், கையில் பணம் இல்லை. வீடு வீடாக, சங்கம் சங்கமாகப் பேசி, ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் என்று வேலை தொடங்கும் முன்பே மக்களிடம் வைப்புத்தொகை வாங்கினார்கள். மீதிக்குக் கடன், மானியம். பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கும் முறையில் அமைத்தார்கள். 2000ல் குழாய் பதிக்கத் தொடங்கி சில வருடங்களில் இணைப்பு கொடுத்தார்கள். அன்றைய 5,000 ரூபாய் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு குழாய்க்காக அதைக் கொடுத்தார்கள் என்றால், தலைவர் வீடு எங்கே என்று அவர்களுக்குத் தெரியும், வேலை நடக்காவிட்டால் போய்க் கேட்கமுடியும் என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தார்கள். என் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை எந்த மாநகராட்சியும் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ.யாக விரிந்தது. சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் உள்ளே போயின, அதில் ஆலந்தூரும் ஒன்று. இன்றைக்கு அது 12ம் மண்டலம். 4.66 லட்சம் மக்களும் 1964லிருந்து பெரிய தொழிற்பேட்டையும் இருந்த அம்பத்தூர் 7ம் மண்டலம். அம்பத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் ஆவடி அப்போது வெளியே நின்றது, 2019ல் தனி மாநகராட்சியானது. அம்பத்தூர் ஏன் மண்டலம், அதைவிடச் சின்ன ஆவடி ஏன் மாநகரம் என்றால், 2011ல் கோடு எங்கே போடப்பட்டது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அம்பத்தூர்க்காரர்களுக்கு அதனால் குடிநீர் வாரியத்தின் இணைப்பு கிடைத்தது, அது சின்ன லாபம் இல்லை. இழந்தது, தங்கள் ஊருக்கென்று இருந்த ஒரு மன்றத்தை.

கனடாவில் இதே கதை வேறு விதமாக நடந்தது, நம் ஆட்கள் நிறையப் பேர் அதற்குள் வாழ்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். ஈழத்தமிழர் திரளாகக் குடியேறிய ஸ்கார்பரோ 1983ல் நகர அந்தஸ்து பெற்றது. 1997ல் டொராண்டோவோடு சேர்ப்பதா என்று வாக்கெடுப்பு நடந்து, அந்த வட்டாரம் முழுக்க நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். மாகாண அரசு 1998 ஜனவரி 1ல் சேர்த்தே விட்டது. மேற்கே இருக்கிற மிசிசாகா தனி நகரமாகவே நிற்கிறது, 7 லட்சத்துக்கு மேல் மக்கள், ஏறக்குறைய நம் தாம்பரம் அளவு. ஹேசல் மெக்காலியன் 1978 முதல் 2014 வரை அங்கே மேயராக இருந்தார். ஆனால் அங்கேயும் தண்ணீரும் போலீஸும் பீல் வட்டார நிர்வாகத்திடம். முழுசாகப் பிரித்துவிடுகிறோம் என்று 2023ல் சட்டம் போட்டு, அதே வருடக் கடைசியில் வேண்டாம் என்று பின்வாங்கினார்கள். பெயர் கொடுப்பது சுலபம், தண்ணீர்க் குழாயைப் பிரிப்பது கஷ்டம் என்பது அங்கேயும் அப்படித்தான்.

என் வாதத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம், அது வலுவானதும்கூட. தாம்பரம் என்று ஒரே ஊர் எங்கே இருக்கிறது? 2011ல் பல்லாவரம் நகராட்சியில் 2.15 லட்சம் பேர், தாம்பரத்தில் 1.75 லட்சம்தான். பெரிய ஊர் பல்லாவரம், பெயர் மட்டும் தாம்பரம். குரோம்பேட்டைக்காரர் தன்னைத் தாம்பரத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். அனகாபுத்தூரில் வாழைநாரில் சேலை நெய்கிற நெசவாளிக்கும் தாம்பரம் ஸ்டேஷனுக்கும் என்ன சம்பந்தம்? பழமை என்று பார்த்தாலும் ஒவ்வொரு ஊருக்கும் தனிக் கதை. பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல் பழைய கற்காலக் கோடரியை எடுத்ததும் பல்லாவரத்தில்தான். திருநீர்மலையைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். மாடம்பாக்கத்தில் சோழர் கோயில்.

இது உண்மைதான், ஆனால் சென்னையும் இப்படித்தான் சேர்ந்தது. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை எல்லாம் 1693ல் கம்பெனிக்குக் கிடைத்த கிராமங்கள், திருவல்லிக்கேணி அதற்கும் முன்பு. அவர்கள் சென்னைக்காரர்கள் ஆவதற்கு எவ்வளவு காலம் ஆனது! தாம்பரத்துக்கு அது உடனே வராது. வருவதற்கு ஒரு வழி, சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்வது. சிட்லபாக்கத்தில் அந்த ஊர்க்காரர்கள் ஏரியைக் காப்பாற்ற வார விடுமுறையில் தாங்களே இறங்கிச் சுத்தம் செய்து, மனு மேல் மனு போட்டு, கடைசியில் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்க வைத்தார்கள். அது பேரூராட்சி அளவில் நடந்தது. அதே ஆட்கள் இன்று 70 வார்டில் ஒரு பங்கு. செம்பாக்கம், பீர்க்கன்காரணை, பல்லாவரம் ஏரிகளுக்கும் சேர்த்து அந்தக் குரல் ஒலிக்குமா, அல்லது மண்டல அலுவலகத்துக்கு நடப்பதிலேயே ஓய்ந்துவிடுமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

அதிகாரத்துக்கு வருவோம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 74வது அரசியலமைப்புத் திருத்தம் 1993லேயே நடைமுறைக்கு வந்தது. நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாடு, குடிநீர் என்று 18 பொறுப்புகளை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பன்னிரண்டாவது அட்டவணை பட்டியலே போட்டிருக்கிறது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரப் பகுதிகளுக்குப் பெருநகரத் திட்டக் குழு ஒன்று வேண்டும், அதன் உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பேரை அந்தப் பகுதியின் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று 243இசட்இ பிரிவு சொல்கிறது. அமைச்சர் ஒருவரைத் தலைவராகக் கொண்டு அதிகாரிகள் நிறைந்த சிஎம்டிஏவுக்கு மேலே அப்படி ஒரு குழு உண்மையாகவே செயல்பட்டால், தாம்பரம் கவுன்சிலரும் ஆவடி கவுன்சிலரும் முடிச்சூர் ஊராட்சித் தலைவரும் சென்னை மேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். வேங்கடமங்கலமும் அங்கே வந்து தன் ஊரில் கொட்டுகிற குப்பையைப் பற்றிக் கேட்கலாம்.

சென்னையோடு தாம்பரத்தைச் சேர்த்துவிட்டால் என்ன என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். தண்ணீர் வரும் என்ற ஆசையில்தான் கேட்கிறார்கள், அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் தண்ணீருக்காக ஊரைக் கொடுக்கத் தேவையில்லை. குடிநீர் வாரியத்தின் எல்லையை மாநகராட்சி எல்லையிலிருந்து பிரித்து, தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் நீட்டி, அந்த வாரியத்தில் அவர்களுக்கும் இடம் கொடுத்தால் போதும். நெம்மேலிக்குப் பக்கத்துப் பேரூரில் கட்டுகிற கடல்நீர் ஆலையிலிருந்து தாம்பரம் பக்கமும் தண்ணீர் வரும் என்பது திட்டம். தண்ணீர் வரும்போது பங்கீட்டை முடிவு செய்கிற இடத்தில் ஆளும் இருக்கவேண்டும்.

உடனடியாகக் கையில் இருக்கிற சோதனை மெட்ரோ. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15 கி.மீ. சொச்சம், ஜிஎஸ்டி ரோட்டிலேயே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் வழியாகப் போகத் திட்டம். ஸ்டேஷன் எங்கே வருகிறது, தாம்பரம் ரயில் நிலையத்தோடு எப்படி இணைகிறது, மேற்கிலிருந்து கிழக்கே நடந்து போகிறவருக்கு அதில் வழி உண்டா, குரோம்பேட்டையில் தூண் நிற்கும்போது மழைநீர் எங்கே வடியும் என்று மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டு, தன் வரைபடத்தோடு இப்போதே கொடுக்கவேண்டும். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்தின் ஐந்து வருடம் 2027ல் முடிகிறது, வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தத் தீர்மானம் எங்கே என்று 70 வார்டிலும் கேட்கலாம்.